குடலைக் கழுவச் சொல்பவர்களுக்கு

ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பேதிக்குச் சாப்பிட்டு வயிற்றைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் மறுத்துப் பேசுகிறவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் விளக்கெண்ணெய், அதன்மேல் சுடுதண்ணீர், மதியம் ரசம் சாதமோ மோர் சாதமோ என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. அடுத்த தலைமுறைக்கு அதையே டீடாக்ஸ் பொடியாகவும் எலுமிச்சை கலந்த உப்புத் தண்ணீராகவும் எனிமா முகாமாகவும் விற்கிறார்கள். பெயர் மாறினாலும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். தின்றதில் ஒரு பகுதி குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் அழுகுகிறது. அதிலிருந்து நஞ்சு இரத்தத்தில் ஏறுகிறது. தலைவலி, முகப்பரு, மூட்டுவலி, சோர்வு எல்லாவற்றுக்கும் அதுவே வேர். ஆகவே சாக்கடைக் குழாயில் அடைப்பெடுப்பதுபோலக் குடலையும் அவ்வப்போது கழுவியாக வேண்டும்.

இந்த நம்பிக்கையின் ஒவ்வொரு படியும் தவறு. எதுவும் ஒட்டுவதில்லை. எதுவும் வருடக்கணக்கில் தங்குவதில்லை. கழுவினால் குடல் சுத்தமாவதும் இல்லை. கழுவும்போது வெளியேறுவதில் பெரும்பகுதி, உடல் பாடுபட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய சொத்து.

முதலில் கண்ணால் கண்ட சாட்சி. கொலோனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் பரிசோதனை. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகமெங்கும் நடக்கிறது. அதற்கு வருபவர்கள் முந்தைய நாளே மருந்துக் கரைசலைக் குடித்துக் குடலைக் காலி செய்துவிட்டு வருவதால்தான் உள்ளே ஒன்றும் தெரிவதில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் கரைசலைச் சரியாகக் குடிக்காமல் வருகிறவர்களும் உண்டு. விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அவசரமாக வயிற்றைத் திறக்க நேர்வதும் உண்டு. பிரேதப் பரிசோதனைகளும் உண்டு. அங்கெல்லாம் காணக்கிடைப்பது நேற்றும் அதற்கு முந்தைய ஓரிரு நாளும் தின்றதன் மிச்சம்தான். சுவரோடு பல வருடமாக ஒட்டிக்கிடக்கும் படலம் என்ற ஒன்றுக்குக் குடல் நோய்க்கூறியலில் இடமே இல்லை. படுத்த படுக்கையான முதியவர்களுக்கு மலம் இறுகி மலக்குடலை அடைத்துக்கொள்வது நடக்கும். அது வலியும் அவஸ்தையும் தருகிற, மருத்துவர் கையால் தீர்க்க வேண்டிய நோய். எல்லோர் வயிற்றிலும் மறைந்திருக்கும் சங்கதி அல்ல.

ஒட்ட முடியாததற்கான காரணம் குடலின் அமைப்பிலேயே இருக்கிறது. சிறுகுடல் ஏறக்குறைய ஆறு மீட்டர், பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். சிறுகுடலின் உட்பக்கம் கோடிக்கணக்கான நுண்விரல்களால் ஆனது. அதை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் வரும் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2014இல் சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது செரிமானப் பாதை முழுவதற்குமே 32 சதுர மீட்டர்தான் வந்தது. பாட்மிண்டன் மைதானத்தில் பாதிகூட இல்லை. அப்படியும் அது சாதாரணப் பரப்பு அல்ல. அந்த உள்தோலின் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து, அடியிலிருந்து புதியவை ஏறிவந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. போன வாரம் உங்கள் சிறுகுடலின் உட்புறமாக இருந்த செல்களில் பெரும்பாலானவை இன்று உங்களிடம் இல்லை. சுவரே வாரத்துக்கொரு முறை மாறும்போது அந்தச் சுவரில் பத்து வருடத்து அழுக்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அதன்மேல் சளிப்படலம் இருக்கிறது. பெருங்குடலில் அது இரண்டு அடுக்கு. வெளி அடுக்கில் நுண்ணுயிர்கள் வாழும். சுவரை ஒட்டிய உள் அடுக்கிலோ ஏறக்குறைய எந்த நுண்ணுயிரும் இருக்காது. சுவரிலுள்ள செல்கள் இந்தச் சளியை ஓயாமல் சுரந்து வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மலம் சுவரைத் தொடுவதே இல்லை, சளியைத்தான் தொடுகிறது.

வெறும் வயிற்றில் நடப்பது இன்னும் அருமையானது. சாப்பாடு செரித்து முடிந்து சில மணி நேரம் ஒன்றும் உண்ணாமல் இருந்தால், இரைப்பையிலிருந்து ஓர் இறுக்கமான அலை கிளம்பி, சிறுகுடலின் கடைசி வரைக்கும் மெல்லப் பயணம் செய்து, மிச்சமிருக்கும் துணுக்குகளையும் உதிர்ந்த செல்களையும் பாக்டீரியாக்களையும் பெருங்குடலுக்குள் தள்ளிவிடுகிறது. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இது திரும்பத் திரும்ப நடக்கும். பசி நேரத்தில் வயிறு உருமும் சத்தத்தில் இந்த அலைக்கும் பங்குண்டு. வயிற்றைச் சுத்தம் செய்யும் வேலை இரவில் நாம் தூங்கும்போது ஒவ்வொரு நாளும் நடந்து முடிகிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்காமல் குடலுக்குக் கொஞ்சம் இடைவெளி விடுவதுதான், ஏனென்றால் உணவு உள்ளே வந்ததும் அந்த அலை நின்றுவிடும்.

இனி தண்ணீர்க் கணக்கு. பேதி மருந்துக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு நாளில் நாம் குடிப்பதும் உணவோடு சேர்வதுமாக ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீர் உள்ளே போகிறது. ஆனால் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடலே தன் பங்குக்கு இன்னொரு ஏழு லிட்டரைக் குடலுக்குள் ஊற்றுகிறது. மொத்தம் ஒன்பது லிட்டர். அந்த ஏழு லிட்டரும் இரத்தத்திலிருந்து வந்தது. ஒரு மனிதனின் உடலில் உள்ள இரத்தமே ஐந்து லிட்டர்தான் என்பதை நினைத்தால், தினமும் எவ்வளவு பெரிய தொகையை உடல் குடலிடம் நம்பிக் கொடுக்கிறது என்பது புரியும். கொடுத்ததைத் திரும்ப வாங்கியாக வேண்டும். சிறுகுடல் ஏழரை லிட்டர்போல உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்கு வருகிறது. கடைசியில் மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான்.

பித்த உப்பின் கதையும் இதேதான். கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து அதைத் தயாரித்து, கொழுப்பைக் கரைப்பதற்காக முன்சிறுகுடலுக்குள் அனுப்புகிறது. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைப் பிடித்துக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரே நாளில் இந்தச் சுற்று பலமுறை நடக்கும்.

பேதி மருந்து இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்து, டின்னவெல்லி சென்னா என்ற பெயரில் உலகமெல்லாம் ஏற்றுமதியாகும் நிலவாகையை எடுத்துக்கொள்வோம். உண்மையான மருந்து அது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதற்கு இடமுண்டு. அதன் இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடு சிறுகுடலைப் பெரும்பாலும் அப்படியே கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் அது வேலை செய்யும் பொருளாக மாறுகிறது. மாறியதும் பெருங்குடலின் அசைவைக் கூட்டி, சுவர் நீரை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. விளக்கெண்ணெயில் வேலை செய்வது ரிசினோலிக் அமிலம். அது குடல் தசையிலுள்ள ஒரு புரோஸ்டாகிளாண்டின் ஏற்பியைத் தூண்டிக் குடலைச் சுருங்கவைக்கிறது என்று 2012இல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எப்சம் உப்பு உறிஞ்சப்படாமல் குடலுக்குள்ளேயே நின்று, நீரைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொள்கிறது. மூன்றில் எதுவும் சுவரைத் தேய்ப்பதில்லை, சுரண்டுவதில்லை, எதையும் கரைப்பதில்லை. நீர் உள்ளே திரும்பும் வழியை மறித்தும் குடலை அவசரப்படுத்தியும்தான் பேதியை வரவழைக்கின்றன. அப்படி வெளியேறும் நீரோடு சோடியமும் பொட்டாசியமும் பித்த உப்பும் சேர்ந்து போகின்றன.

“மஞ்சளாகவும் பச்சையாகவும் வந்ததே, அவ்வளவு நாற்றம் அடித்ததே, அது கழிவில்லையா?” என்பார்கள். மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவது, பித்தநீரின் நிறமி குடல் பாக்டீரியாக்களால் மாற்றப்பட்டு உண்டாகும் ஸ்டெர்கோபிலின். குடல் வேகமாக ஓடும்போது இந்த மாற்றத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. பித்தம் பச்சையாகவும் மஞ்சளாகவும் அப்படியே வந்துவிடுகிறது. நாற்றம் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் கந்தக வாயுக்களாலும் இந்தோல் வகைப் பொருள்களாலும் வருவது. இரண்டுமே இயல்பானவை. பேதி போனதும் உடம்பு லேசாக இருக்கிறது, எடை குறைந்திருக்கிறது என்பதும் உண்மைதான். குறைந்தது நீர். இரண்டு நாள் சாப்பிட்டுக் குடித்தால் அது திரும்பிவிடும், திரும்பத்தான் வேண்டும்.

பெருங்குடலை வெறும் கழிவுக் கிடங்காகப் பார்ப்பதுதான் எல்லாப் பிழைக்கும் தொடக்கம். நம் உடம்பில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 38 லட்சம் கோடி என்று 2016இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவன ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மனித செல்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமம். அவற்றில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில்தான் இருக்கின்றன. கீரைத்தண்டையும் அவரைக்காயின் நாரையும் கேழ்வரகுத் தவிட்டையும் செரிக்கும் நொதிகள் நம் குடலில் சுரப்பதில்லை. அந்த நார்ப்பொருள்களைப் பிரித்து, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருவது இந்தப் பாக்டீரியாக்கள். பெருங்குடல் சுவரின் செல்கள் இரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸைவிட இந்தப் பியூட்டிரேட்டைத்தான் முதன்மை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. உணவு பெருங்குடலில் ஒரு நாளுக்கு மேல், சிலருக்கு இரண்டு நாளும் தங்குவதற்கு இதுதான் காரணம். அதைத் தேக்கம் என்று சொல்வது தவறு. அந்த நேரத்தில்தான் அங்கே வேலை நடக்கிறது. மலத்தில் நீரைக் கழித்தபின் மிஞ்சும் திடப்பொருளில் கால்வாசியிலிருந்து பாதி வரை பாக்டீரியாக்களே. பேதியில் இந்தக் குடியிருப்பு கலைகிறது. ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் மீண்டுவிடுகிறது என்பது ஆறுதல்தான். ஆனால் கலைத்ததால் கிடைத்த நன்மை என்ன என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

நஞ்சு இரத்தத்தில் ஏறுகிறது என்ற வாதத்தை நம் முன்னோர் கண்டுபிடித்ததாகவும், மேற்கத்திய மருத்துவம் அதை அறியாததாகவும் ஒரு பேச்சு உண்டு. வரலாறு வேறு மாதிரி. இது ஐரோப்பிய மருத்துவம் முழுமனதாக நம்பி, செய்துபார்த்து, விலையும் கொடுத்து, கைவிட்ட கொள்கை. பிரெஞ்சு மருத்துவர் பூஷார் 1887இல் சுயநஞ்சேற்றம் பற்றித் தன் விரிவுரைகளை வெளியிட்டார். நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிக்கோவ், பெருங்குடல் மனிதனுக்குத் தேவையற்றது, முதுமையைக் கொண்டுவரும் நஞ்சின் ஊற்று என்று எழுதினார். பரிசு இந்தக் கருத்துக்குக் கிடைத்ததல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பேட்டில் கிரீக்கில் மருத்துவர் கெல்லாக் தன் சானடோரியத்தில் எனிமாவை அன்றாட வைத்தியமாக ஆக்கினார். லண்டன் கைஸ் மருத்துவமனையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆர்பத்னாட் லேன் இன்னும் ஒரு படி மேலே போனார். மலச்சிக்கல் இருந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அறுவையில் இறந்தவர்களும் உண்டு.

இந்தக் கொள்கையைச் சாய்த்தது எளிமையான ஒரு சோதனை. மலச்சிக்கல்காரர்களுக்கு வரும் தலைவலியும் மந்தமும் நஞ்சால் வருபவை என்றால், மலம் போனபின் நஞ்சு இரத்தத்திலிருந்து நீங்கும் வரை அவை நீடிக்க வேண்டும். ஆனால் கழிப்பறையிலிருந்து வெளியே வந்ததுமே நிம்மதி கிடைத்துவிடுகிறதே, அது எப்படி என்று அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வரெஸ் 1919இல் கேட்டார். 1922இல் டொனால்ட்சன் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான சிலரின் மலக்குடலில் வெறும் பஞ்சைத் திணித்துப் பார்த்தார். அதே தலைவலி, அதே மந்தம், அதே எரிச்சல் வந்தன. பஞ்சில் எந்த நஞ்சும் இல்லை. மலக்குடல் விரிந்து, அந்த அழுத்தத்தை நரம்புகள் மூளைக்குச் சொல்வதால் வரும் தொந்தரவுகள் அவை. நூறு வருடத்துக்கு முன்பே முடிந்துபோன விவாதத்தை இன்றைக்குப் புதிய ஞானமாக யூடியூபில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் குடலிலிருந்து தீங்கான எதுவுமே இரத்தத்துக்குள் போவதில்லையா? போகிறது. பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது அமோனியா உண்டாகிறது. அது மூளைக்குக் கேடு. ஆனால் குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அமோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. அது நடக்கும் வேதிச் சுழற்சியை கிரெப்ஸ், ஹென்ஸலைட் என்ற ஆய்வாளர்கள் 1932இல் விளக்கினார்கள். யூரியா சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. உடலின் செல்கள் உண்டாக்கும் கழிவில் பெரும்பகுதிக்கு வாசல் நுரையீரலும் சிறுநீரகமும்தான். பிலிருபின் போன்ற சிலவற்றைக் கல்லீரல் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்குள் அனுப்புகிறது. அவையும் தினசரி மலத்தோடு தாமாகப் போய்விடும்.

கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிகளுக்கு மருத்துவர்களே லாக்டுலோஸ் கொடுத்து நாளைக்கு இரண்டு மூன்று தடவை மலம் போகவைக்கிறார்களே என்று விவரம் தெரிந்த ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அங்கே அமோனியாவைக் கையாளும் உறுப்பு செயலிழந்திருக்கிறது. அதனால் அமோனியாவைக் குடலிலேயே பிடித்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. கல்லீரல் நன்றாக இருக்கும் ஒருவருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

சித்த மருத்துவத்தின் பெயரால் சொல்லப்படுவதற்குப் பதில் சொல்லாமல் போனால் இந்த மறுப்பு நேர்மையாக இருக்காது. சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து எடுக்கச் சொல்கிறது என்பது உண்மை. அதே விதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்தும், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் விடும் நசியமும் எடுக்கச் சொல்கிறது. இன்று பேதிக்கு அந்த நூலைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் வாந்தி மருந்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. வாந்தியைக் கைவிடலாம் என்று முடிவெடுத்த அதே பகுத்தறிவைப் பேதிக்கும் பயன்படுத்துவதில் என்ன தடை? அந்த மரபில் பழகிய வைத்தியர் ஆளைப் பார்த்து, வயதைக் கேட்டு, நாடி பிடித்து, நேர்வாளம் போன்ற கொடிய சரக்கைச் சுத்தி செய்து, அளவறிந்து கொடுத்தார். பேதி நிற்காவிட்டால் என்ன செய்வது என்றும் அவருக்குத் தெரியும். கூரியரில் வரும் பொட்டலத்துக்கு அது எதுவும் தெரியாது. அந்த வைத்தியர் கொடுத்தார் என்பதாலேயே அந்தக் கொள்கை சரியாகிவிடாது என்பது என் முடிவு. ஆனால் அவரையும் இந்தப் பொட்டலத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை.

பாட்டிமார் குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது: குடற்புழு. சாண்டோனின் போன்ற பழைய பூச்சி மருந்துகளைக் கொடுத்தபின் புழுக்களை வெளியேற்றப் பேதி மருந்தும் கொடுப்பது மருத்துவமனைகளிலேயே வழக்கமாக இருந்தது. செருப்பில்லாமல் நடந்து, வயல்வெளியில் ஒதுங்கிய காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இப்போது அல்பெண்டசோல் ஒரு மாத்திரை போதும், பேதி தேவையில்லை. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அதை இலவசமாகத் தருகிறார்கள். குழந்தைக்குப் பூச்சி இருக்கும் என்று தோன்றினால் விளக்கெண்ணெயைத் தேடாமல் அந்த மாத்திரையைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

பித்தப்பைக் கல்லை வீட்டிலேயே வெளியேற்றும் முறை என்று ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சில நாள் ஆப்பிள் சாறு, பிறகு எப்சம் உப்பு, இரவில் எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும். மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாக உருண்டைகள் மிதக்கும். கண்ணால் பார்த்தபின் யார்தான் நம்ப மாட்டார்கள்? நியூசிலாந்தில் ஒரு பெண்மணி அப்படி வந்த உருண்டைகளை மருத்துவர்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் ஆராய்ந்து 2005இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அந்த உருண்டைகளில் கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியம் இல்லை. 40 டிகிரி சூட்டில் உருகிவிட்டன. குடித்த எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடலுக்குள் சேர்ந்து உண்டான சோப்புக் கட்டிகள் அவை. குடிக்காமல் இருந்திருந்தால் வெளியே வந்திருக்காத பொருள். உண்மையான கல் வைத்திருப்பவர் இதை நம்பி நாளைக் கடத்தும்போது, கல் பித்தநாளத்தில் இறங்கி அடைத்துக்கொண்டால் மஞ்சள் காமாலையும் கணைய அழற்சியும் வரலாம். கணைய அழற்சி உயிரைக் குடிக்கக்கூடியது.

“நல்லது நடக்காவிட்டாலும் போகட்டும், கெடுதல் ஒன்றும் இல்லையே” என்று கடைசியாக ஒரு சமாதானம் வரும். கெடுதல் இருக்கிறது. எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் அறுபது வயதுக்காரர் பேதி மருந்தும் எடுத்தால், பொட்டாசியம் இரண்டு பக்கமும் இறங்கி இதயத்துடிப்பு தடுமாறலாம். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பேதியும் போனவர் தாழ்சர்க்கரையில் மயங்கி விழலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு எப்சம் உப்பின் மெக்னீசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் ஏறும். மருந்துக்கடையில் கிடைக்கும் சோடியம் பாஸ்பேட் பேதி மருந்தையும் எனிமாவையும் ஒரே நாளில் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்பட்டு மரணம்கூட நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014இல் எச்சரித்தது. காபி எனிமாவால் உப்புச் சமநிலை குலைந்து இறந்த இருவரைப் பற்றி 1980இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. வலப்பக்க அடிவயிற்றில் வலி என்று அழும் பிள்ளைக்கு, வயிற்றில் ஏதோ தங்கியிருக்கிறது என்று பேதிக்குக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. அது குடல்வால் அழற்சியாக இருந்தால் பேதி மருந்து அந்தக் குடல்வாலை வெடிக்கச் செய்யலாம். காரணம் தெரியாத வயிற்றுவலிக்குப் பேதி மருந்து கொடுக்கக் கூடாது என்பது மருத்துவத்தின் பழைய, உறுதியான விதி.

பேதி இந்தியாவில் எத்தனை குழந்தைகளைக் கொண்டுபோயிருக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்த நிலையில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்க முடிவெடுத்தார். பத்துக்கு மூன்று பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. குளுக்கோஸ் இருந்தால் சிறுகுடல் அதோடு சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும், பின்னாலேயே நீரும் போகும் என்ற ஓர் உடலியங்கியல் உண்மைதான் அந்த உயிர்களைக் காப்பாற்றியது. குடல் நீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அந்தத் திறனைக் காப்பாற்ற ஒரு தலைமுறை மருத்துவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். நல்ல குடல் உள்ளவர்கள் காசு கொடுத்து அந்தத் திறனை ஒரு நாளுக்கு முடக்கிக்கொள்வதை ஆரோக்கியம் என்று என்னால் சொல்ல முடியாது.

மலச்சிக்கல் என்பது உண்மையான துன்பம். அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் தினமும் போகாததே மலச்சிக்கல் என்ற கணக்கு தவறு. நாளைக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை இயல்பின் எல்லைக்குள் அடங்கும். இறுகிப்போய், முக்கி, முழுதாகப் போகாத உணர்வோடு எழுந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையா, கோடீன் கலந்த இருமல் மருந்தா, தைராய்டு குறைவா, தட்டில் காயும் கீரையும் இல்லாததா? நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறினாலோ, இரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ பேதி மருந்தால் அதை மூடி மறைக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பெருங்குடல் புற்றுநோய் ஆரம்பத்தில் அகப்பட்டால் குணப்படுத்தக்கூடியது.

காலையில் எழுந்து ஏதாவது சாப்பிட்டதும் பெருங்குடலில் வலுவான அசைவு கிளம்பும். மலக்குடல் நிறைந்து, போக வேண்டும் என்ற உணர்வு வரும். அப்போது போய்விட்டால் வேலை முடிந்தது. அடக்கினால் அந்த உணர்வு அடங்கிவிடும், மலத்திலிருந்து இன்னும் நீர் உறிஞ்சப்பட்டு இறுகும். அடக்குவதே வழக்கமானால் மலக்குடல் அறிவிப்பதையே குறைத்துக்கொள்ளும். மலசலத்தை அடக்கக் கூடாது என்பதும் அதே நோயணுகா விதியில்தான் இருக்கிறது. அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, விற்பதற்கு அதில் பொருள் இல்லை.

அடக்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து காலை முதல் மாலை வரை இருக்கிற பள்ளி மாணவி. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் விற்பனைப் பெண். பந்தோபஸ்துக்கு நிறுத்தப்பட்ட பெண் காவலர். கழிப்பறை கிடைக்காது என்பதற்காக வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள். இவர்களுடைய குடலில் ஒரு குறையும் இல்லை. இவர்களுக்கு மாதம் ஒரு பொட்டலம் பேதிப் பொடி விற்பவர்களிடம் கேட்பதற்கு எனக்கு எதுவும் இல்லை. பள்ளி நிர்வாகத்திடமும் கடை முதலாளியிடமும் காவல் துறையிடமும் நகராட்சியிடமும்தான் கேட்க வேண்டியிருக்கிறது: எட்டு மணி நேரம் ஒருவரை ஓரிடத்தில் இருத்தி வேலை வாங்குகிறவர்கள், பூட்டாத, சுத்தமான, தண்ணீர் வரும் கழிப்பறையையும், கேள்வி கேட்காமல் அங்கே போய்வரப் பத்து நிமிடத்தையும் கொடுத்தே ஆக வேண்டும்.